மலைமக்கள் கல்லூரிக்கு முதல்வரைத் தேர்ந்தெடுத்தல்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு ஏறும் பாதை, காரவள்ளி என்னும் அடிவார ஊரில் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சோளக்காட்டையும் செம்மேட்டையும் அடைகிறது. பள்ளிப் படிப்பை முடித்த மலை மாணவர்களில் மேற்படிப்பை நாடுவோர் பலர் காரவள்ளி வழியாக இறங்கி நாமக்கல், இராசிபுரம், சேலம் ஆகிய இடங்களுக்குச் செல்கின்றனர். மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் பொறுப்பேற்க வரும் தலைமையாசிரியர்களும் முதல்வர்களும் பெரும்பாலும் இதே பாதையில் ஏறுகின்றனர். அவ்வாறு ஏறிவருபவரை யார், எந்த அளவுகோலைக் கொண்டு, எவருடைய ஒப்புதலுடன் தேர்ந்தெடுக்கின்றனர் என்னும் வினா, கட்டடம், விடுதி, உதவித்தொகை, பேருந்து வசதி ஆகியவை பேசப்படும் அளவுக்குப் பேசப்படுவதில்லை. எண்ணிக்கையில் சிறுபான்மையாக வாழும் ஒரு மக்களுக்கென நடக்கும் கல்லூரியின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவரிடம் இருக்க வேண்டும் என்ற பொதுக் கேள்வியை, கொல்லிமலையின் நிலையை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நிறுவனம் எத்தகையது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சமுதாயக் கல்லூரி என்பது, பட்டப்படிப்பை மட்டுமே குறிக்கோளாகக் கொள்ளாமல், சுற்றுவட்டார மக்களின் தொழில், வாழ்க்கை, தேவை ஆகியவற்றையொட்டிய சான்றிதழ்ப் படிப்புகளையும் பட்டயப் படிப்புகளையும் நடத்துவதும், பள்ளியை இடையில் நிறுத்தியவர்களையும் சேர்த்துக்கொள்வதுமான கல்வி நிலையம். அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட கல்லூரி இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னரே சமுதாயக் கல்லூரி என்ற பெயர் அங்குப் பரவலாயிற்று. இந்தியாவில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் இம்முயற்சியைத் தொடங்கின. இயேசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் இதனை ஓர் இயக்கமாக வளர்த்தெடுத்தார். பின்னர்த் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவை தத்தம் திட்டங்களின்வழி இக்கல்லூரிகளுக்கு ஏற்பு அளித்தன. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து அப்படியே பெற்றுக்கொள்ளாமல் ஊரின் தேவையிலிருந்து வகுத்துக்கொள்ள வேண்டிய நிறுவனம் இது என்பதால், பிற கல்லூரிகளைவிட இங்கே முதல்வரின் இயல்பும் அறிவும் நேரடியாகவே கல்வியின் உள்ளடக்கமாக மாறிவிடுகின்றன. மிளகுக் கொடியின் நோயைக் கண்டறியும் படிப்பு வேண்டுமா, கணினித் தட்டச்சு போதுமா என்பதை முடிவு செய்யும் இடத்தில் அவரே அமர்ந்திருக்கிறார்.

இரண்டாவதாக, சிறுபான்மை என்னும் சொல் இந்தியச் சட்டத்தில் குறுகிய பொருளுடையது. அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் உறுப்பு, சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக உள்ளோர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமையளிக்கிறது. ஒரு பிரிவினர் சிறுபான்மையினரா என்பதை மாநில அளவில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. இந்த நிருவகிக்கும் உரிமையின் உயிர்நிலை எது என்ற கேள்வி நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்து, பல முறை முதல்வர் பதவியிலேயே வந்து நின்றிருக்கிறது என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. அகமதாபாத் புனித சேவியர் கல்லூரி வழக்கில் (1974) ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கல்லூரியின் தரமும் ஒழுங்கும் முதல்வரைப் பொறுத்தே அமைவதால் அவரைத் தேர்ந்தெடுப்பது நிருவாக உரிமையின் முதன்மையான கூறு என்னும் கருத்தை முன்வைத்தது. 1998-இல் முடிவான அம்மது வழக்கில், தலைமையாசிரியர் பதவிக்கான கல்வித் தகுதிகளை அரசு வரையறுக்கலாமே ஒழிய, தகுதியுடையோருள் எவரை அமர்த்துவது என்பதில் நிருவாகத்துக்கு மிக விரிந்த உரிமை இல்லையெனில் நிருவாக உரிமையே தேய்ந்துபோகும் என்று கூறப்பட்டது. மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கு 2006-இல் முடிவுக்கு வந்தபோது இக்கொள்கை மேலும் உறுதிப்பட்டது: பணிமூப்பின் அடிப்படையிலேயே முதல்வரை நியமிக்க வேண்டும் என்னும் கேரளப் பல்கலைக்கழகச் சட்ட விதி, அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆயினும் இவ்வுரிமை தன்னிச்சையாகச் செயற்படுவதற்கான உரிமமன்று. தேர்வு நேர்மையாகவும் காரணங்களுடனும் நடந்ததா என்பதை நீதிமன்றம் ஆராயலாம் என 2017-இல் கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் தெளிவுபடுத்தப்பட்டது.

இத்தீர்ப்புகளின் சாரத்தை ஏற்றுக்கொண்டு கொல்லிமலையை நோக்குமிடத்துப் பெரும் இடைவெளி ஒன்று புலப்படுகிறது. மலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் கேரளத்தவரைக் குறிப்பதன்று, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, சவ்வாது மலை ஆகியவற்றிலும் பரவியுள்ள இவர்களே தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையால் மிகப் பெரியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு, மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடாகவே இருந்தது. நூற்றுக்கு ஒருவராக உள்ள இம்மக்கள் பேசும் மொழி தமிழ்; அவர்கள் வழிபடுவது அறப்பளீசுவரரையும் மலையின் ஊர்த்தெய்வங்களையும். ஆதலால் மொழியாலும் அவர்கள் சிறுபான்மையினர் அல்லர். சமயத்தாலும் சட்டக் கணக்கில் சிறுபான்மையினர் அல்லர். சென்னையிலோ திருச்சிராப்பள்ளியிலோ பெருவசதிகளுடன் இயங்கும் ஒரு சிறுபான்மைக் கல்லூரியின் அறங்காவலர் குழுவுக்கு உள்ள தலைவர் தேர்வு உரிமை, அதனினும் பன்மடங்கு வலுக்குறைந்த நிலையிலுள்ள மலைமக்களுக்கு இல்லை. சிறுபான்மை உரிமையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக இது கூறப்படவில்லை; அவ்வுரிமைக்கு நீதிமன்றங்கள் கூறிய காரணம் முழுவதும் மலைமக்களுக்கும் பொருந்தும் என்பதைக் காட்டவே கூறப்படுகிறது.

வேறு அரண் ஏதும் உண்டா என்று தேடினாலும் கிடைப்பது குறைவே. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் நிலப்பகுதிகளைப் பட்டியல் பகுதிகளாக அறிவித்து அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு வழங்கும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை பத்து மாநிலங்களில் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றும் இல்லை. அதனால் கிராம சபைக்குச் சிறப்பு அதிகாரம் அளிக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுக்கு எட்டவில்லை. மாநில அளவில் பழங்குடியினர் ஆலோசனை மன்றம் இருப்பினும், அது ஆலோசனை கூறும் அமைப்பேயன்றி ஒரு பள்ளியின் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதில் பங்குடைய அமைப்பன்று.

பழங்குடியினருக்கே முதல்வர் பதவியை ஒதுக்கிவிடலாமே என்ற எளிய தீர்வும் சட்டத்தின்முன் நிற்பதில்லை. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு 2000-ஆம் ஆண்டில், பட்டியல் பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் அனைத்தையும் உள்ளூர்ப் பழங்குடியினருக்கே ஒதுக்கி ஆணையிட்டது. நூறு விழுக்காடு ஒதுக்கீடு அரசமைப்புக்கு முரணானது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை நீக்கியது. ஒரே ஓர் இடம் மட்டுமே உள்ள பணிநிலையில் சுழற்சி முறையிலும்கூட ஒதுக்கீடு செய்யலாகாது என்று 1998-இலேயே சண்டிகர் மருத்துவ ஆய்வு நிறுவன வழக்கில் கூறப்பட்டுவிட்டது. ஆசிரியர் ஒதுக்கீட்டுத் தீர்ப்பு மலைக் கல்விக்குப் பெரும் இழப்பு என்பதில் ஐயமில்லை; இருப்பினும் அது நடைமுறையில் உள்ள சட்டம். ஆகவே யாரைத் தலைவராக்குவது என்ற கேள்வியைவிட, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மேசையைச் சுற்றி யார் அமர்வது என்ற கேள்வியே இன்று திறந்திருக்கும் வாயில். இக்கட்டுரை வலியுறுத்துவதும் அதனையே.

இப்போது அந்த மேசையைச் சற்று அருகில் சென்று காணலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் முதல்வர் பதவி, பணிமூப்புப் பட்டியலின்படி அமையும் பதவி உயர்வு. முப்பது ஆண்டுப் பணிக்குப் பின் ஒருவருக்கு அப்பதவி வாய்க்கும்போது அவர் பெரும்பாலும் ஓய்வு பெறும் தறுவாயில் இருக்கிறார். அவர் சென்றபின் அடுத்த பட்டியல் வரும்வரை மூத்த பேராசிரியர் ஒருவர் பொறுப்பு முதல்வராகக் கையொப்பமிடுகிறார். சமவெளியில் இது நிருவாகத் தொய்வாக மட்டும் முடியலாம். மலையிலோ ஒருவர் ஊர்களின் பெயர்களையும், எந்த ஊரிலிருந்து எந்த நேரத்துப் பேருந்து வரும் என்பதையும், சாமை அறுவடையும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலமும் எப்போது என்பதையும் அறிந்துகொள்வதற்கே இரண்டு ஆண்டுகள் ஆகும்; அறிந்து முடிக்கும்போது மாறுதல் ஆணை வந்துவிடும்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும் பிறவற்றுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகள், முதல்வர் தேர்வுக் குழுவின் அமைப்பை விரிவாக வரையறுக்கின்றன. ஆட்சிக்குழுத் தலைவர், அவர் நியமிக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர் இருவர், துணைவேந்தரின் நியமனதாரர்கள், உயர்கல்வி வல்லுநர் மூவர் ஆகியோருடன், விண்ணப்பித்தோருள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எவரேனும் இருப்பின் அப்பிரிவைச் சேர்ந்த கல்வியாளர் ஒருவரும் அதில் அமர வேண்டும். இந்த விதியைக் கூர்ந்து படித்தால் ஒரு குறைபாடு தெரியும்: பழங்குடிப் பிரதிநிதி அமர்வது விண்ணப்பதாரர் பழங்குடியாக இருக்கும்போதுதான், மாணவர்கள் அனைவரும் பழங்குடிகளாக இருந்தாலும், விண்ணப்பித்தோருள் பழங்குடி எவரும் இல்லையெனில் அவ்விருக்கை தேவைப்படாமல் போகிறது. போட்டியிடுவோரின் நலனைக் காக்கும் ஏற்பாடாக அது நன்றே. ஆனால் கல்வி பெறுவோரின் நலன் அங்கே கணக்கில் வரவில்லை. தகுதிகளும் அவ்வாறே: முனைவர் பட்டம், பதினைந்து ஆண்டுப் பணி, குறைந்தது பத்து ஆய்வு வெளியீடுகள், 110 ஆய்வு மதிப்பெண். சமுதாயக் கல்லூரிக்கு இவற்றுள் எவை தேவை, எவை சுமை என்று பிரித்தறியும் இடம் விதியில் இல்லை. ஐந்தாண்டுப் பதவிக்காலமும், செயற்பாட்டை மதிப்பிட்டு மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம் என்பதும் மட்டும் இந்நெறிமுறைகளில் மலைக்கு உகந்த கூறுகள்.

மூன்றாவது முறை அண்மைக் காலத்தது. பழங்குடி மாணவர்களுக்காக 1997-98-இல் தொடங்கப்பட்ட ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகளுள் ஒன்று கொல்லிமலையின் செங்கரையில் உள்ளது. இப்பள்ளிகளுக்கு முன்னர் மாநிலச் சங்கங்களே ஆள் எடுத்துவந்தன. 2023-இல் நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் கீழுள்ள தேசியச் சங்கம், முதல்வர் உள்ளிட்ட பதவிகளுக்கு நாடு தழுவிய ஒரே தேர்வை நடத்தியது. நாடு முழுவதும் ஒரே தரம் என்பதும், ஆள்சேர்ப்பில் உள்ளூர்ச் செல்வாக்கு நுழையாது என்பதும் இம்முறையின் நற்கூறுகள். அதே வேளையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பத்து வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது, அதன் தாயுடன் அவளுடைய மொழியில் பேச வேண்டிய பதவி இது என்பதை நாடு தழுவிய எழுத்துத் தேர்வு அளந்துவிட இயலாது.

இச்சிக்கலை வேறு நாடுகளும் வேறு மக்களும் எதிர்கொண்ட விதம் நமக்கு நேரடியாகப் பயன்படுவது. அமெரிக்கத் தென்மேற்கில் நவாஹோ பழங்குடியினர் 1968-இல் நிறுவிய நவாஹோ சமுதாயக் கல்லூரி, பழங்குடியினர் தாமே நடத்திய முதல் கல்லூரியாகும். 1969 தொடக்கத்தில் அரிசோனாவின் மெனி ஃபார்ம்ஸ் என்னுமிடத்தில் வகுப்புகள் தொடங்கின. அதன் முதல் தலைவர் ராபர்ட் ரோசல் நவாஹோ அல்லர். நவாஹோ பெண்ணை மணந்து அம்மக்களிடையே பல ஆண்டுகள் கல்விப் பணி செய்த வெள்ளையர். அவரைத் தேர்ந்தெடுத்தது நவாஹோக்களே அடங்கிய ஆட்சிக்குழு; அவர் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் அக்குழுவிடமே. 1969-ஆம் ஆண்டிலேயே தலைமை நெட் ஹடாத்லி என்னும் நவாஹோவிடம் வந்து சேர்ந்தது. பழங்குடி மன்ற உறுப்பினராகவும், நெசவு, வெள்ளி வேலை ஆகியவற்றைச் சந்தைப்படுத்திய கைவினைச் சங்கத்தின் மேலாளராகவும் இருந்தவர் அவர். அவரை அப்பதவிக்கு உயர்த்தியது ஆய்வு வெளியீடுகளின் எண்ணிக்கை அன்று. மொழி, வரலாறு, கைத்தொழில் ஆகியவற்றை உள்ளடக்கிய நவாஹோ கல்வி அக்கல்லூரியின் நடுவிடத்தைப் பெற்றது. 1978-இல் பழங்குடிச் சமுதாயக் கல்லூரிகளுக்கு நிதியளிக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியதற்கு இக்கல்லூரியின் அனுபவம் வழிகோலியது. இன்று அது டினே கல்லூரி என வழங்குகிறது. ஆட்சிக்குழு மக்களுடையதாக இருந்தால் முதல் தலைவர் வெளியாராக இருப்பது தடையாகாது என்பதையும், அவர் தம் இடத்தை விரைவில் ஒப்படைப்பது இயலக்கூடியது என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

ஆட்சிக்குழு மக்களுடையதாக இல்லாதபோது நேர்வதை வாஷிங்டன் நகரின் கல்லாடெட் பல்கலைக்கழகம் காட்டியது. செவித்திறன் அற்றோருக்காக 1864 முதல் உயர்கல்வி வழங்கிவரும் அந்நிறுவனத்துக்கு 124 ஆண்டுகளில் ஒருமுறைகூடச் செவித்திறன் அற்ற ஒருவர் தலைவராக அமர்த்தப்படவில்லை. 1988 மார்ச்சில், இறுதிச் சுற்றில் இருந்த மூவருள் இருவர் செவித்திறன் அற்றோராக இருந்தும், கேட்கும் திறனுள்ள எலிசபெத் சின்சரை ஆட்சிக்குழு தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வளாகத்தை மூடினர்; ஒரு வாரத்துக்குள் அவர் விலக, கல்லூரியின் புலமுதன்மையராக இருந்த கிங் ஜோர்டன் தலைவரானார். அப்போராட்டத்தின் நான்கு கோரிக்கைகளுள், ஆட்சிக்குழுவில் 51 விழுக்காட்டினர் செவித்திறன் அற்றோராக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. தலைவரை மாற்றுவதோடு மாணவர்கள் நிறைவடையவில்லை. இதன் பிற்பகுதியும் சமமாகப் படிக்கத்தக்கது. 2006-இல் அதே பல்கலைக்கழகம் ஜேன் பெர்னாண்டஸ் என்னும் செவித்திறன் அற்ற பெண்மணியைத் தலைவராக அறிவித்தபோது, மாணவரும் ஆசிரியரும் மீண்டும் எதிர்த்தனர். தேர்வு நடந்த முறை மீதும் அவருடைய நிருவாகப் போக்கின் மீதும் குறைகள் கூறப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் ஆட்சிக்குழு தன் முடிவைத் திரும்பப் பெற்றது. பிறப்பு ஒன்றே நம்பிக்கையை ஈட்டித் தராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. மலையில் பிறந்தவர் என்பதாலேயே ஒருவரை மலை ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணுவோர் இப்பிற்பகுதியை மறக்கலாகாது.

இந்தியாவில் நவாஹோ அனுபவத்துக்கு நிகரான எடுத்துக்காட்டு ராஞ்சியில் உள்ளது. அங்குள்ள லுத்தரன் திருச்சபை 1971-இல் நிறுவிய கோஸ்னர் கல்லூரியின் முதல் முதல்வர் நிர்மல் மின்ஸ், ஓராவோன் பழங்குடியைச் சேர்ந்தவர். திருச்சபை சமயச் சிறுபான்மை நிறுவனம் என்பதால் 30-ஆம் உறுப்பின் காப்பு அக்கல்லூரிக்குக் கிடைத்தது. அந்தக் காப்பின் நிழலில் பழங்குடி ஒருவர் முதல்வராகிப் பழங்குடி மொழிகளைக் கல்லூரி வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். அவருடைய மகள் சோனாஜரியா மின்ஸ், கணினி அறிவியல் பேராசிரியராக இருந்து, 2020-இல் தும்காவின் சிதோ கானு முர்மு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய ராம் தயாள் முண்டா, ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மற்றும் வட்டார மொழித் துறையைக் கட்டியெழுப்பி, 1980-களில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். ஒரு தலைமுறையில் ஒருவர் பெற்ற பொறுப்பு அடுத்த தலைமுறைக்குத் தகுதியுடையோரை உருவாக்கித் தருகிறது என்பதை ஜார்க்கண்டின் வரலாறு உணர்த்துகிறது. கொல்லிமலைக்கு இவ்வாய்ப்பு இதுவரை அமையவில்லை.

தமிழ்நாட்டின் மிஷன் கல்லூரிகளும் தலைமையைக் கையளிப்பதில் நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நாடு விடுதலை பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1962-இல் சந்திரன் தேவநேசனைத் தன் முதல் இந்திய முதல்வராக ஏற்றது. மிஷன் கல்லூரிகளுக்கு வெளியேயும் இச்சிக்கல் உண்டு: இலங்கையின் யாழ்ப்பாணத்தில் 1974-இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டபோது தமிழறிஞர் க. கைலாசபதி அதன் தலைவரானார். தமிழருள் தலைசிறந்த அறிஞரே அமர்ந்தார் எனினும் அமர்த்தும் அதிகாரம் கொழும்பு அரசிடமே இருந்தது.

கொல்லிமலையின் சொந்த வரலாற்றிலும் ஒரு பக்கம் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் 1913 வாக்கில் மலையில் குடியேறி, மருத்துவம், பள்ளி, கைத்தொழில், வேளாண்மை எனப் பல துறைகளிலும் உழைத்தனர். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் அவர்களின் மகன். 1929-இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின், பணி ஓய்வுக்குப் பின் மலைகளுக்கே திரும்பி, 1974-இல் இறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று பணி செய்தார். மலைமக்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுடைய சமயப் பரப்பு நோக்கத்தை எல்லாரும் ஏற்க வேண்டியதும் இல்லை. எனினும் மலையில் குடியிருந்ததால் விளைந்த நம்பிக்கை எத்தகையது என்பதற்கு அவர்களின் வாழ்க்கை சான்று. நாமக்கல்லில் வீடு வைத்துக்கொண்டு காலைப் பேருந்தில் ஏறி மாலைப் பேருந்தில் இறங்கும் தலைவரால், மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து பேருந்து நிற்கும் நாளில் கல்லூரியைத் திறக்கக்கூட இயலாது. ஆகையால் முதல்வருக்கு வளாகத்திலேயே குடியிருப்பு அமைத்துத் தருவதும், அங்குத் தங்குவதைப் பணி நிபந்தனையாக்குவதும் தேர்வுமுறையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

உள்ளூர் மக்களுக்கு இடமளிப்பதை மறுப்போர் இரண்டு காரணங்களைக் கூறுவர். மலையில் தகுதியுடையோர் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பது முதலாவது. முதல்வர் பதவிக்கு இன்று அது உண்மையாக இருக்கலாம். தேர்ந்தெடுக்கும் குழுவில் அமர்வதற்கு அது பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எழுத்தறியாத தாயும் பள்ளியின் நிலையை மதிப்பிடத் தகுதியுடையவரே என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டுள்ளது. அக்குழுவுக்குத் தலைமையாசிரியர் நியமனத்தில் பங்கில்லை என்பதுதான் எஞ்சியிருக்கும் குறை. முதல்வர் பதவிக்கும், மலையில் பட்டம் பெற்றோர் உருவாகிவரும் நிலையில், துணை முதல்வர் பதவி ஒன்றை ஏற்படுத்தி உள்ளூர் அனுபவமுடையோரை அதில் பயிற்றுவித்தால், பத்தாண்டுகளில் நிலைமை மாறும்.

மலையின் ‘நாடு’ எனப்படும் உட்பிரிவுகளுக்கிடையிலான பிளவும் ஊர்ப்பகையும் கல்லூரிக்குள் நுழைந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதனை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்த மலைச் சமூகத்தில் ஊர்க்கவுண்டர் முதலிய மரபுத் தலைவர்களின் சொல்லுக்கு இன்றும் மதிப்புண்டு. அம்மரபு அமைப்பில் பெண்களுக்கு இடமில்லை. அம்மரபுத் தலைவர்களிடமே நியமன உரிமையை ஒப்படைத்தால், கல்லூரியில் சேர வேண்டிய பெண்பிள்ளைகளின் குரல் தேர்வு மேசையை எட்டாது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தால் ஊராட்சித் தலைவர்கள்வழி வரும் பிரதிநிதித்துவம் இதனினும் மேம்பட்டது. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் நடவாமல் தனி அலுவலர்கள் பொறுப்பிலிருக்கும் காலங்களில் அவ்வழி அடைபட்டுப் போகும். ஆதலால் ஒரே வாயிலை நம்பாமல், ஊராட்சிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம், முன்னாள் மாணவர்கள் எனப் பல அமைப்புகளிலிருந்து சுழற்சி முறையில் உறுப்பினர்களைப் பெறுவதே உகந்தது. சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழோ அறக்கட்டளையாகவோ அமையும் ஒரு சமுதாயக் கல்லூரி, ஆட்சிக்குழுவின் பெரும்பான்மை இடங்களை மலைமக்களுக்கு உரியனவாகத் தன் துணைவிதிகளிலேயே எழுதிக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை; அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை ஓர் அரசாணையே போதும்.

அத்தகைய குழு விண்ணப்பதாரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். நேர்காணல் சென்னையிலோ நாமக்கல்லிலோ நடவாமல் செம்மேட்டிலேயே நடக்க வேண்டும். விண்ணப்பதாரர் அதற்கு முன் ஓரிரு நாள்கள் மலையில் தங்கி, விடுதியையும் சோளக்காட்டுச் சந்தையையும் ஓர் ஊரையாவது கண்டுவர வேண்டும். பெற்றோர் வேலை தேடி வெளியூர்த் தோட்டங்களுக்குச் செல்லும் மாதங்களில் மாணவர் வருகையை எவ்வாறு காப்பார், சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் சேர்க்கை தடைப்படும் மாணவருக்காக எந்த அலுவலகத்தில் என்ன செய்வார், மரவள்ளியின் வரவால் சுருங்கிப்போன சாமை, தினை, பனிவரகுச் சாகுபடி பற்றி முதியோர் அறிந்திருப்பதைப் பாடமாக்க யாரை ஆசிரியராக அமர்த்துவார் என்னும் கேள்விகளுக்கு அவர் தரும் விடை, 110 ஆய்வு மதிப்பெண்ணுக்கு நிகரான எடையைப் பெற வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்கள் குறித்து இம்மலையில் பல ஆண்டுகளாக மக்களுடன் இணைந்து செய்துவரும் பணி, உள்ளூர் அறிவைக் கல்வியாக்குவது கற்பனையன்று என்பதற்குச் சான்றாக உள்ளது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஐந்தாண்டுக்குக் குறையாமல் பணியாற்ற வேண்டும். அவ்வளவு பணிக்காலம் எஞ்சியிராதவரை இப்பதவிக்குக் கருதலாகாது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அதே குழு மலையிலேயே கூடி, சேர்க்கை, இடைநிற்றல், பெண் மாணவர் எண்ணிக்கை, துணை முதல்வரின் பயிற்சி ஆகியவற்றை அவர் முன்னிலையில் ஆராய்ந்து, அதன் குறிப்பைத் தமிழில் எழுதி 14 ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும்.